இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி: நம் திரைப்படச் சங்கத்தின் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தேர்வுக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செயலாளர் அண்ணன் வீட்டு மாடியில் நாம் ஒன்பது பேர் உட்கார்ந்து அமெரிக்க இயக்குநர் கிரெக் அராக்கியின் ‘கபூம்’ படத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். ஆகஸ்ட் மாதம் கல்லூரி மாணவர்களுக்காக நடத்தப்போகும் திரையிடல் வரிசைக்கு நான் பரிந்துரைத்த படம் அது. பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் இன்னொரு படுக்கைக் காட்சி வந்தது, “போதும்ப்பா, இதைப் போய் எப்படிப் பசங்களுக்குப் போடறது” என்று ஒரு குரல் கேட்டது, படம் நின்றது, விளக்கைப் போட்டாயிற்று, அடுத்த ஐந்து நிமிடத்தில் வேறு படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். மொத்தம் 86 நிமிடப் படம். நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் எழுதியது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் போய்விட்டது. அதனால்தான் இப்படி எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. பதினோரு வருடமாக இந்தச் சங்கத்தில் நாற்காலி தூக்கிப் போட்டவன் நான், உங்களோடு சேர்ந்துதான் படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அன்று மூன்று விஷயம் சொன்னீர்கள். படத்தில் கதை இல்லை. வெறும் செக்ஸ்தான். அப்புறம், கடைசியில் உலகமே வெடித்துவிடுகிறது என்று எங்கோ படித்தோம், அது சிறுபிள்ளைத்தனம். மூன்றாவதைச் சொன்னவர் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: “இப்படி ஆடினா கடைசியில எல்லாரும் அழிஞ்சு போவாங்கன்னு படமே சொல்லுது.” இந்த ஒரு வாக்கியம்தான் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் படம் சொல்வது அதற்கு நேர் எதிர், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அந்த நாற்பது நிமிடத்துக்குள் இருக்கிறது.

நீங்கள் பார்த்த வரைக்கும் என்ன நடந்தது என்று முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். தெற்கு கலிஃபோர்னியா பக்கம் ஒரு கல்லூரி. ஸ்மித் என்று ஒரு பையன், சினிமா படிக்கிறான், 18 முடிந்து 19 வரப்போகிறது. அவனுக்கு ஒரே மாதிரி ஒரு கனவு வந்துகொண்டே இருக்கிறது, அதில் தெரிந்த முகங்களோடு தெரியாத முகங்களும் வருகின்றன. ஸ்டெல்லா என்று ஒரு தோழி, பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வருகிறவள், பெண்களை விரும்புகிறவள், நாக்கு கொஞ்சம் நீளம். ஹாஸ்டல் அறையில் தோர் என்று ஒரு அலைச்சறுக்கு வீரன், ஸ்மித்துக்கு அவன் மேல் ஓர் ஈர்ப்பு, அவனுக்கு இவன் மேல் இல்லை. ஒரு பார்ட்டியில் கனவில் வந்த சிவப்பு முடிப் பெண் நேரில் வந்து ஸ்மித்தின் ஷூ மேல் வாந்தி எடுக்கிறாள். அதே இரவில் லண்டன் என்ற பெண்ணைச் சந்திக்கிறான், இருவரும் சேர்ந்திருக்கிறார்கள், விடிந்ததும் அவள் கிளம்பிவிடுகிறாள். விலங்கு முகமூடி போட்ட ஆட்கள் அந்தச் சிவப்பு முடிப் பெண்ணைத் துரத்திக் கத்தியால் குத்துவதை ஸ்மித் பார்க்கிறான். அது நிஜமா, தின்ற பிஸ்கட்டில் இருந்த போதையா என்று அவனுக்கே தெரியவில்லை.

கத்திக்குத்து வந்தபோது மாடியில் யாரும் ரிமோட்டைத் தேடவில்லை. நான் கவனித்தேன். டீ குடித்துக்கொண்டே பார்த்தோம். கத்தியைப் பார்க்க முடிந்த நமக்கு, இரண்டு பேர் சம்மதத்தோடு, சிரித்துப் பேசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொடுவதைப் பார்க்க முடியவில்லை. நான் உட்பட எல்லாரையும்தான் சொல்கிறேன், எனக்கும் அந்த மாடியில் கூச்சமாகத்தான் இருந்தது.

படத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது ஒரே ஒரு வார்த்தை. உன் பாலீர்ப்பு என்ன என்ற கேள்விக்கு ஸ்மித் வைத்திருக்கும் பதில், “அன்டிக்ளேர்ட்”. சப்டைட்டிலில் சட்டென்று போய்விடும், நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அமெரிக்கக் கல்லூரிகளில் சேரும்போதே எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கப்போகிறோம் என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. கொஞ்ச காலம் வேதியியலும் படித்துப் பார்க்கலாம், இசையும் படித்துப் பார்க்கலாம், அப்புறம் முடிவு செய்யலாம். அதுவரை அந்த மாணவர் “அன்டிக்ளேர்ட்”, அதாவது இன்னும் அறிவிக்காதவர். அது குறை கிடையாது, பதிவேட்டில் இருக்கிற முறையான ஒரு நிலை. அந்த அலுவலகச் சொல்லை எடுத்துத் தன் உடம்புக்கும் மனசுக்கும் வைத்துக்கொள்கிறான் இந்தப் பையன். ஆண்களோடும் இருக்கிறான், லண்டனோடும் இருக்கிறான். நான் கே என்றோ, இருபாலீர்ப்பாளன் என்றோ அறிவிக்க வேண்டிய அவசரம் அவனுக்கு இல்லை, அறிவிக்கச் சொல்லி ஸ்டெல்லாவும் நெருக்கவில்லை.

நம் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, பதினைந்து பதினாறு வயதில், பர்ஸ்ட் குரூப்பா செகண்ட் குரூப்பா என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் சொன்னதுதான். “இன்னும் தெரியல” என்று ஒரு பையன் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். படிப்புக்கே “தெரியல” என்று சொல்ல முடியாத இடத்தில், மற்றதற்கு எங்கே சொல்வது?

இதை எழுதும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. பெயர் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். நான் பொறியியல் இரண்டாம் வருடம் படித்தபோது எங்கள் அறையில் மூன்று பேர். அதில் ஒருவன் நன்றாக வரைவான், என்னுடைய மெஷின் டிராயிங் பாதி அவன் போட்டுக் கொடுத்தது. ஒருநாள் இரவு வராந்தாவில் ஏழெட்டுப் பேர் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, “நீ அதுவாடா? சொல்லிடு, ஒண்ணும் பண்ண மாட்டோம்” என்று கேட்டார்கள். அவனைப் பற்றி யாரோ ஏதோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அவன் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பனியனின் கீழ் ஓரத்தைச் சுருட்டி விரித்து, சுருட்டி விரித்து, கடைசியில் “தெரியலடா” என்றான். அவ்வளவுதான். ஆமாம் என்றிருந்தால் கேலி செய்திருப்பார்கள், இல்லை என்றிருந்தால் விட்டிருப்பார்கள். “தெரியல” என்பதை அவர்களால் தாங்கவே முடியவில்லை. அடுத்த வாரம் வார்டன் அவனை மெஸ்ஸுக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒற்றை அறைக்கு மாற்றினார். அவனுடைய டிராயிங் போர்டை நான்தான் கீழே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அப்போதும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், அந்த வயதில் எனக்கும் என்னைப் பற்றி எத்தனையோ தெரியாது.

கபூமை நான் முதல்முறை பார்த்தபோது ஸ்மித் அந்த வார்த்தையைச் சொன்ன இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். என் நண்பன் சொன்ன அதே பதிலுக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு ஒருவன் கேன்டீனில் உட்கார்ந்து தோழியோடு சாப்பிடலாம் என்பதை அந்த வராந்தாவில் எங்களுக்கு யாரும் காட்டியதில்லை.

சரி, இந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விட்டால் “வெறும் செக்ஸ்” என்ற பேச்சு முடியாது. அராக்கி ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், 1959-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அவரைப் பரவலாகத் தெரியவைத்த படம் 1992-ல் வந்த ‘த லிவிங் எண்ட்’. எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்துகொண்ட இரண்டு ஆண்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற கதை, மிகக் குறைந்த காசில் எடுத்தது. அதே 1992-ல்தான் அமெரிக்காவில் 25 முதல் 44 வயதுக்குட்பட்ட ஆண்களின் சாவுக்கு முதல் காரணமாக எய்ட்ஸ் ஆனது. விபத்தையும் புற்றுநோயையும் தாண்டி முதல் காரணம். அந்தப் படத்தின் முடிவில் ஒரு சமர்ப்பணம் வரும்: இறந்துபோன லட்சக்கணக்கானவர்களுக்கும், இனிமேல் இறக்கப்போகிற லட்சக்கணக்கானவர்களுக்கும். அதோடு வெள்ளை மாளிகையில் இருந்தவர்களைக் கெட்ட வார்த்தையிலேயே திட்டி முடித்திருப்பார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதுதான். அந்தத் தலைமுறையில் பலருக்குத் தொலைபேசி எண் குறித்துவைத்த புத்தகத்தில் இருந்த எண்களில் பாதி இறந்தவர்களுடைய எண்கள். (இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலையில். அந்தப் பயம் நமக்கும் வெகுதூரத்துப் பயம் கிடையாது.)

அதற்குப் பிறகு 1993, 1995, 1997 என்று இளைஞர்களை வைத்து மூன்று படம் எடுத்தார். மூன்றையும் சேர்த்து ‘டீன் அபோகலிப்ஸ்’ முத்தொகுதி என்பார்கள், பதின்வயதினரின் ஊழிக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ‘த டூம் ஜெனரேஷன்’, ‘நோவேர்’ இரண்டையும் பார்த்தவர்கள் நம்மில் ஒருவராவது இருப்பீர்கள். மூன்றிலும் நடித்த ஜேம்ஸ் டுவால்தான் கபூமில் எப்போதும் போதையில் திரிகிற ‘மெசையா’வாக வருகிறவர். அந்தப் படங்களில் இளைஞர்கள் உலகம் முடியப்போகிறது என்று நிஜமாகவே நம்புகிறார்கள், ஏனென்றால் அவர்களைச் சுற்றி அது முடிந்துகொண்டுதான் இருந்தது. உலக அழிவு என்பது அராக்கி எங்கிருந்தோ இரவல் வாங்கிய வேடிக்கை கிடையாது, அவர் கண்ணால் பார்த்தது. 1996-க்குப் பிறகு எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துகள் வந்து சாவு குறைந்தது. 2004-ல் ‘மிஸ்டீரியஸ் ஸ்கின்’ என்று சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான இரண்டு பையன்களைப் பற்றிப் படம் எடுத்தார், அவருடைய படங்களிலேயே மிகக் கனமானது அது. அதையெல்லாம் கடந்து ஐம்பது வயதில் அவர் திரும்பக் கல்லூரிக்குப் போய், அடர்ந்த வண்ணங்களும் துள்ளல் இசையுமாக எடுத்த படம்தான் கபூம். சாவைப் பக்கத்தில் பார்த்த ஒரு மனிதர், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் உடம்பை அருவருப்பும் பயமும் இல்லாமல், பாசத்தோடு பார்க்கிறார். எனக்கு அதில் ஆபாசம் தெரியவில்லை.

2010 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே அதைத் திரையிட்டார்கள். அந்த வருடம்தான் பிரான்க் ஃபினான்ஸ்-மதுரேரா என்ற பத்திரிகையாளர் அங்கே தன்பாலீர்ப்பு போன்றவற்றைப் பேசும் படங்களுக்கான குயர் பாம் விருதைத் தொடங்கினார், முதல் விருது இந்தப் படத்துக்கு. விருது வாங்கினால் நல்ல படம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே விருதை 2022-ல் வாங்கியது பாகிஸ்தானின் ‘ஜாய்லேண்ட்’. நாம் அதைத் திரையிட்டோம், அரங்கம் நிறைந்தது, படம் முடிந்து அரைமணிநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. 2023-ல் வாங்கிய ஜப்பானிய இயக்குநர் கொரீடாவின் ‘மான்ஸ்டர்’ படத்துக்கும் நாம் கண்ணீர் விட்டோம். இரண்டும் நல்ல படங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. தன்பாலீர்ப்புள்ள மனிதர்கள் கஷ்டப்பட்டால், அடிவாங்கினால், மனம் நொந்தால் நாம் இடம் கொடுக்கிறோம். அவர்கள் சந்தோஷமாக இருந்தால், ஒரு இரவு போய் இன்னொரு இரவு வந்தால், அதற்காக அழாமல் இருந்தால், “பசங்களுக்கு எப்படிப் போடறது” என்கிறோம். நம் அரங்குக்கு வருகிற நூறு மாணவர்களில் சிலர் தாங்கள் யார் என்ற கேள்வியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நாம் இதுவரை காட்டிய எல்லாப் படத்திலும் அவர்களைப் போன்றவர்களுக்கு நடந்தது என்ன என்று ஒரு தடவை பட்டியல் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதே 2010-ன் செப்டம்பரில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்து சில வாரங்களே ஆன 18 வயது மாணவர் ஒருவர், விடுதி அறையில் இன்னோர் ஆணோடு இருந்ததை அறைத்தோழர் வெப்கேம் வைத்துப் பார்த்து, அதைப் பற்றி இணையத்திலும் எழுதிய சில நாட்களில், உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்தில் இப்படிப் பல பிள்ளைகள் போனார்கள், நாடே கலங்கியது. கபூம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து, 2011 ஜனவரியில். படம் அதற்கு முன்பே எடுத்து முடித்தது, அந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரே வயது, ஒரே மாதிரி விடுதி அறை, ஒரு கட்டில் தள்ளி அறைத்தோழன். ஸ்மித்தின் அறையில் கூச்சம் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, அவமானம் மட்டும் இல்லை. அது ஒன்று இல்லாமல் இருந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒருவர் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இப்போது நீங்கள் பார்க்காத நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன். கதையைச் சொல்லாமல் முடியாது, மன்னிக்க வேண்டும். செத்துப்போய்விட்டார் என்று சின்ன வயதிலிருந்து சொல்லப்பட்ட ஸ்மித்தின் அப்பா சாகவில்லை. அவர் ஒரு ரகசியக் கூட்டத்தின் தலைவர். விலங்கு முகமூடி ஆட்கள் அவருடைய ஆட்கள். அந்தக் கூட்டம் உலகம் முழுக்க அணுகுண்டு வெடிக்க ஏற்பாடு செய்திருக்கிறது, தாங்கள் மட்டும் நிலத்தடியில் ஒளிந்து தப்பித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் உலகத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குத் தலைவனாக முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிற ஆள், ஸ்மித். தேர்ந்தெடுக்கப்பட்ட மகன். அவனையும் அம்மாவையும் லண்டனையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் பொத்தானை அழுத்துவது அந்த அப்பா. பூமி வெடிக்கிறது. படம் முடிகிறது.

உலகத்தை யார் அழிக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? பார்ட்டிக்குப் போனவர்கள் அழிக்கவில்லை. யாரோடு யார் படுத்தார்கள் என்பதற்கும் அந்த வெடிக்கும் சம்பந்தமே கிடையாது. படம் முழுக்க ஸ்மித்தை “இன்னும் தெரியல” என்று இருக்கவிட்டவர்கள் தோழியும் காதலியும். “நீ யார் என்று நாங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டோம்” என்று வருவது ஒரே ஒரு கூட்டம், அப்பாவின் கூட்டம், அவர்கள்தான் பொத்தான் வைத்திருக்கிறார்கள். என் நண்பனைச் சுற்றி வராந்தாவில் நின்றவர்களும் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்கள். அன்றைக்கு அவனுடைய உலகம் எவ்வளவு முடிந்தது என்று எனக்குத் தெரியாது, அந்த டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் முகத்தைப் பார்த்தவன் என்ற முறையில், பூமி வெடிப்பதை மிகையென்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் பாதியைத் திரும்பப் பார்த்தால், கதை இல்லை என்று தோன்றிய இடமெல்லாம் கதையாகத் தெரியும். கனவில் வந்த முகங்கள், அவனைத் தேடி வரும் செய்திகள், பின்தொடரும் முகமூடிகள் எல்லாம் ஒரு பையனைச் சுற்றி மெல்ல மூடுகிற வளையம். 2010-ல் எல்லார் வாயிலும் இருந்தது 2012 டிசம்பர், மாயன் காலண்டர், உலகம் அழியப்போகிறது என்ற பேச்சு, நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது. அந்தப் பேச்சை எடுத்து, அழிவு வானத்திலிருந்து வராது, வீட்டுக்குள்ளிருந்து வரும் என்று மாற்றிவிட்டார் அராக்கி.

படத்தில் குறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் நீங்களும் நம்பக்கூடாது. கடைசிக் கால்மணிநேரம் ஓட்டமாக ஓடுகிறது, எல்லா முடிச்சையும் வண்டிக்குள் உட்கார்ந்து வாயால் சொல்லி அவிழ்க்கிறார்கள், அது எனக்கும் பிடிக்கவில்லை. ஸ்டெல்லாவை விடாமல் துரத்துகிற லோரலை என்ற பெண்ணைச் சூனியக்காரியாக வைத்தது பழைய பழக்கம், பெண்ணை விரும்பும் பெண் என்றால் ஆபத்தானவள் என்று எத்தனையோ படங்கள் காட்டியதைத் திரும்பக் காட்டுகிறது, அங்கே ஸ்டெல்லாவின் சம்மதம் மீறப்படுவதைப் படம் கொஞ்சம் இலேசாக எடுத்துக்கொள்கிறது. அப்புறம் எல்லாரும் அழகர்கள், எல்லாரும் மெலிந்தவர்கள், ஒரு முகப்பரு கிடையாது. இதையெல்லாம் மாணவர்களோடு பேச வேண்டும் என்றுதான் நான் படத்துக்குப் பிறகு ஒரு மணிநேரம் ஒதுக்கச் சொன்னேன். லண்டன் தனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஸ்மித்திடம் வாய்விட்டுச் சொல்கிறாளே, அந்த ஒரு காட்சியையும் லோரலையின் காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பேசினாலே சம்மதம் என்றால் என்ன என்பது பசங்களுக்குப் புரியும். கைபேசியில் அவர்கள் இதைவிடப் பலமடங்கு மோசமானதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அதில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. இந்தப் படத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒருவர் சட்டப் பயத்தையும் எழுப்பினார். வரிசைக்கு வருகிற எல்லாரும் 18 முடிந்தவர்கள், அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விடுகிறோம், அதை இன்னும் கறாராகச் செய்யலாம், நானே வாசலில் நிற்கிறேன். திரையிடல் உரிமைக்கு முறையாக எழுதி வாங்குவதும் என் பொறுப்பு, அனுமதி வராமல் போட வேண்டாம். தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6. 2021-ல் மதுரையிலிருந்து வந்த, ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் என்று ஞாபகம் இருக்கிறதா? தனக்கு இதில் புரிதல் போதாது என்று தீர்ப்பாணையிலேயே ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் முடிவெழுதினார். பள்ளிகள், கல்லூரிகள், காவல்துறை என்று எல்லாருக்கும் விழிப்புணர்வு தேவை என்றும் அந்த ஜூன் 7 ஆணையில் எழுதினார். நாம் நீதிபதிகள் கிடையாது, ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிற ஒன்பது பேர். ஆனால் முடிவெழுதுவதற்கு முன்னால் முழுதாகப் பார்த்துவிடலாம் இல்லையா.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆகஸ்ட் வரிசையை இந்த மாதம் 20-ஆம் தேதி அச்சுக்குக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் ஒருநாள் மறுபடி உட்காருவோம். செயலாளர் அண்ணனைத் தொந்தரவு செய்ய வேண்டாம், என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வரும் சனிக்கிழமை ஆறு மணி. ப்ரொஜெக்டரைச் சங்கத்திலிருந்து நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். படத்தை முதலிலிருந்து போட வேண்டும் என்றால் போடுகிறேன், விட்ட இடத்திலிருந்து போதும் என்றால் அதையும் குறித்து வைத்திருக்கிறேன். முடிந்த பிறகும் வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன், வரிசையில் வேறு எந்தப் படம் வந்தாலும் நாற்காலி போட வருவேன்.

போன வருடம் வந்த மாணவர்களில் யாராவது இரண்டு பேரைக் கூட அழைக்கலாமா என்று யோசியுங்கள், தேர்வுக் குழுவில் முப்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். அவர்கள் வந்தால் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அப்புறம் அந்த நண்பன். போன வாரம் அவனுடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன், பதினாறு வருடம் கழித்து. புனேயில் இருக்கிறான், இப்போதும் வரைகிறான். படத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வராந்தா இரவைப் பற்றி நான் கேட்க வாய் வரவில்லை, அவனும் எடுக்கவில்லை. “எப்போ போடறீங்கன்னு சொல்லு, ஊருக்கு வர்ற மாதிரி டிக்கெட் போடறேன்” என்றான். அவனுக்கு நான் ஒரு தேதி சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சங்கத்தின் உறுப்பினர் ஒருவன்